பெரியம்மா காணாமல் போனபோதெல்லாம்

என் பெரியம்மாவுக்குக் காணாமல் போகத் தெரியும். பக்கத்தில் பேசிக்கொண்டே நடந்து வருவாள். நாம் எதையோ பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆள் இருக்கமாட்டாள். தூரமாக எங்கேயும் போயிருக்கவும் மாட்டாள். ஏதாவது ஒரு தூணுக்கோ மரத்துக்கோ பின்னால் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் முதலில் கவனிக்கிறார்கள், யார் முகம் வெளுக்கிறது, யார் பெயர் சொல்லிக் கத்துகிறார்கள், யார் அழுகிறார்கள், இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். போதுமான அளவு பார்த்த பிறகு சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். யாரும் தேடாதவரை வரமாட்டாள்.

கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் இருந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உயரமான உடம்பு, பெரிய குரல். அவள் வைக்கும் நண்டுக் கறிக்காகவே உறவுக்காரர்கள் ஏதாவது ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டு வந்து சேருவார்கள். ஒரு கூட்டத்தில் அவள் இருந்தால் மற்றவர்கள் அவளைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவளைப் பிடிக்காது என்று சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. அவளுடைய ஒரே மகள் கோமதி அக்காகூட அப்படிச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

பெரியம்மா தன் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று உண்டு. கோமதி அக்காவுக்கு அப்போது எட்டு வயது. தீபாவளிக்கு முந்தைய வாரம், கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். பெரியம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், ஒரு துணிக்கடை வாசலில் மெல்லக் கையை விட்டுவிட்டாள். அங்கே தொங்கிய சேலைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பிள்ளை கொஞ்ச தூரம் தானாகவே நடந்தது. பிறகு, அம்மா கட்டியிருந்த அதே நிறத்தில் சேலை கட்டிய ஒரு பெண்ணின் கையைப் போய்ப் பிடித்தது. அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். முகம் வேறாக இருந்தது. அப்போதுதான் கோமதி அக்கா அழத் தொடங்கினாள். பழச்சாறு விற்றவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவளை உட்கார வைத்தார். பெயர் கேட்டார்கள், அம்மா பெயர் கேட்டார்கள், ஒருவர் போலீசைக் கூப்பிடலாம் என்றார். பெரியம்மா அத்தனையையும் சேலைகளுக்கு நடுவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கதையை அவள் சொல்லும்போது அந்தப் பழச்சாறுக்காரர் பேசியது போலவும் பிள்ளை விக்கியது போலவும் நடித்துக் காட்டுவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அவ்வளவு நன்றாகச் சொல்லுவாள். கடைசியில் மட்டும் குரல் மாறும். மகள் பக்கம் திரும்பி, இத்தனை வருடம் கழித்தும் ஒரு புகாரைப் போலச் சொல்லுவாள்:

“அந்தப் பொம்பள மூஞ்சியப் பாத்தப்புறந்தான் அழுத. அதுவரைக்கும் அம்மா கூட இல்லன்னு ஒனக்குத் தோணவே இல்ல.”

கோமதி அக்கா தட்டிலிருந்து தலையை எடுக்கமாட்டாள்.

என் அம்மா பெரியம்மாவுக்குத் தங்கை. நாங்கள் அப்போது ஜெஞ்சாரோமில் இருந்தோம். அம்மா பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்தாள். ஒருநாள் பெரியம்மா போனில் அழைத்து, மார்பில் கட்டி இருப்பதாக டாக்டர் சொல்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அம்மா கையைக் கழுவக்கூட இல்லை. வீட்டுச் சிலிப்பரோடு மழையில் ஓடி, பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தாள். கதவைத் திறந்த பெரியம்மாவின் கையில் வடை மாவு ஒட்டியிருந்தது. கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை, நீ வருகிறாயா என்று பார்த்தேன் என்றாளாம். அதன்பிறகு அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, தன் துண்டாலேயே தலையைத் துவட்டிவிட்டு, சுடச்சுட வடையைப் பிட்டு வாயில் ஊட்டியிருக்கிறாள். அம்மா குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து, மீதி வடையையும் சாப்பிட்டாள். அந்த மாதிரி வடையை அப்புறம் தின்றதே இல்லை என்று அம்மா கோபமாகத்தான் சொல்லுவாள், ஆனால் சொல்லுவாள். பெரியம்மாவிடம் இருந்த சிக்கலே அதுதான். முதலில் உயிரை எடுப்பாள். பிறகு அவளைப் போல யாரும் கொஞ்சமுடியாது.

பெரியப்பா மட்டும் இதற்கெல்லாம் அசையாத மனிதர். துறைமுகத்தில் லோரி ஓட்டினார். ஒரு சாயங்காலம் அவர் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்துப் பெரியம்மா பின்னறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் வந்தார், குளித்தார், சட்டியில் இருந்ததைப் போட்டுச் சாப்பிட்டார், டிவியில் செய்தி பார்த்தார், போய்ப் படுத்துவிட்டார். அன்று ஒருநாள்தான் அவள் யாரும் தேடாமல் தானாக வெளியே வந்தது. இதையும் அவள் சொல்லியிருக்கிறாள். நடித்துக் காட்டமாட்டாள். பெரியப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

உலு லங்காட் பக்கம் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஆற்றங்கரை ஓரமாகவே பாதை போகும். சின்னப் பிள்ளைகளும் நடக்கலாம், முட்டிவலிக்காரர்களும் நடக்கலாம். இரண்டு மரப்பாலங்கள், கொஞ்சம் வேர்கள், ஒரு பெரிய மூங்கில் புதர், அதற்கப்புறம் அருவி. அருவி தட்டுத் தட்டாக விழும். கீழே இடுப்பளவுத் தண்ணீரில் குடும்பங்கள் குளித்துக்கொண்டிருக்கும். கரையில் கரி மூட்டிக் கோழி சுடுவார்கள், தர்பூசணியைக் குளிர்வதற்காகத் தண்ணீரில் போட்டுக் கல்லை முட்டுக்கொடுத்து வைப்பார்கள். பள்ளி விடுமுறை வந்தால் பெரியம்மா எங்கள் எல்லோரையும் அங்கே கூட்டிக்கொண்டு போவாள். அந்தப் பாதையில் பிரிவு கிடையாது. அங்கே யாரும் வழி தவறமுடியாது. அவளுக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்ததற்கு அதுதான் காரணம் என்று பின்னால் எனக்குத் தோன்றியது. அங்கே ஒரு ஆள் காணவில்லை என்றால், கூட வந்தவர்கள் கவனிக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அங்கே அவளைக் கண்டுபிடித்தவள் நான்தான். பேச்சுச் சத்தம் நின்றது காதில் பட்டதும் திரும்பி ஓடி, ஒரு பாறைக்குப் பின்னால் அவள் முந்தானையைப் பிடித்துவிட்டேன். அவள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். அன்று முழுவதும் என்னைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். வரும் வழியில் எனக்கு மட்டும் ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தாள். “இவதான் என் வயித்துல பொறந்திருக்கணும்,” என்று கோமதி அக்கா முன்னால் வைத்தே சொன்னாள். அக்காவுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயதிருக்கும். வண்டியின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கோ அந்த வயதில் அதைவிடப் பெரிய பரிசு இருக்கமுடியாது. அடுத்த விடுமுறைக்குப் போனபோது நான் பாதையையும் பார்க்கவில்லை, ஆற்றையும் பார்க்கவில்லை. பெரியம்மாவையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கோமதி அக்காவுக்குக் கல்யாணமாகி யாழினி பிறந்தாள். பிள்ளைக்கு நான்கு வயது நடந்துகொண்டிருந்தபோது மறுபடியும் எல்லோருமாக அந்த அருவிக்குப் போனோம். அக்காவும் அவள் கணவரும் சாப்பாட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். நானும் அம்மாவும் நடுவில். பெரியம்மா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் வந்தாள். முதல் பாலம் தாண்டியதும் அவள் பேத்தியின் கையை விட்டுவிட்டு ஒரு பாறைக்குப் பின்னால் போய்விட்டாள்.

யாழினி அழவில்லை, கத்தவும் இல்லை. பாட்டி தண்ணீரில் இறங்கிவிட்டதாக நினைத்திருக்கவேண்டும். சரிவில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டே ஆற்றுக்குள் இறங்கினாள். ஆழமில்லாத இடம்தான், ஆனால் இழுப்பு அதிகம். பாசி பிடித்த கல்லில் கால் வைத்ததும் பிள்ளை குப்புற விழுந்தது. கரையில் கோழியைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, கவுனைப் பிடித்துத் தூக்கினார். அவர் போட்ட சத்தத்தில்தான் நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அவர் ஓடிவந்த தூரத்தைவிட, பெரியம்மா நின்ற பாறை பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தது.

பாறைக்குப் பின்னாலிருந்து பெரியம்மா வந்தாள். அவள் கண்கள் பளபளத்தன. பயத்தில் என்றுதான் நினைத்தேன்.

“பாத்தியா கோமதி? எல்லாப் பிள்ளையும் நின்ன எடத்துல நின்னு அம்மான்னு கத்தும். இவ பாட்டியத் தேடித் தண்ணியிலயே எறங்கிட்டா லா.”

கோமதி அக்கா பைகளைக் கீழே வைத்துவிட்டு மகளை வாங்கிக்கொண்டாள். பிள்ளையைத் துண்டில் சுற்றினாள். அந்த மனிதரிடம் மலாயில் நன்றி சொன்னாள், கை கொடுத்தாள், கீழே விழுந்து அழுக்கான கோழிக்காக வருத்தம்கூடத் தெரிவித்தாள். பிரிக்காத சாப்பாட்டுப் பைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். வண்டியில் பெரியம்மா மட்டும் பேசிக்கொண்டு வந்தாள், பேத்தியின் பாசத்தைப் பற்றி.

அதற்குப் பிறகு அக்கா கிள்ளானுக்குப் போவதை நிறுத்தினாள். பெரியம்மா என் அம்மாவுக்குப் போன் செய்து குறைபட்டுக்கொண்டாள். அம்மா சமாதானம் செய்யப் பார்த்தாள். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அம்மா என்னைப் பார்க்க வந்த நாளில் அக்காவையும் அங்கே வரச் சொல்லி, மூன்று பேருமாக ஒரு கடையில் உட்கார்ந்தோம். அதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றை அம்மா அன்று சொன்னாள். அவளும் பெரியம்மாவும் சிறுமிகளாக இருந்தபோது, பந்திங் பக்கம் ரப்பர் தோட்டத்தை விட்டுக் குடும்பம் வெளியேறிய நாளில், லோரி முழுக்கச் சாமானும் பிள்ளைகளும் ஏறியபின் புறப்பட்டுவிட்டார்கள். புது வீட்டுக்குப் போய் இறங்கியபோதுதான் பெரியவள் இல்லை என்று தெரிந்தது. கோழிக்கூண்டை எடுக்கப் போனவளை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வேறு வண்டி கிடைத்து மறுநாள்தான் ஆள் போனது. காலியாகிப்போன வீட்டு வாசலில் மடியில் கூண்டோடு உட்கார்ந்திருந்தாளாம். அவள் இல்லாததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்துகொண்டபின் பல நாள் பேசவில்லையாம்.

கோமதி அக்கா பொறுமையாகக் கேட்டாள். தேநீரைக் குடித்து முடித்தாள்.

“பாவந்தான் சின்னம்மா. ஆனா அந்த லோரிய ஓட்டுனது நான் இல்லயே,” என்றாள்.

கொஞ்ச காலம் கழித்து அவளே எல்லோரையும் அழைத்தாள். யாழினிக்கு ஐந்து முடிந்திருந்தது. மறுபடி அருவிக்குப் போகலாம், அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன் என்றாள். என் அம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. பெரியம்மா ஆரஞ்சு நிறத்தில் புது பஞ்சாபி உடையும், வெள்ளைச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்தாள். விடியும்முன் எழுந்து நண்டுக் கறி வைத்திருந்தாள். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சந்தோஷத்தில் அவள் முகம் சின்னப் பெண் முகம்போல் இருந்தது.

அக்கா யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் கணவரும் அம்மாவும் நானும் பின்னால். பெரியம்மா எங்களுக்கும் பின்னால், தொழிற்சாலையில் நடந்த ஏதோ ஒரு வேடிக்கையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டாவது பாலத்தைத் தாண்டினோம். மூங்கில் புதர் அருகே அவள் குரல் நின்றது.

அம்மா உடனே திரும்பிப் பார்க்கப் போனாள்.

“யாரும் திரும்பிப் பாக்க வேணாம். நடங்க,” என்றாள் கோமதி அக்கா. நடையை அவள் நிறுத்தவே இல்லை.

எங்கேயாவது விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். விழவில்லை, மூங்கிலுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள், பாதை வளையும்போது வெள்ளைச் சப்பாத்து தெரிந்தது என்றாள் அக்கா.  நடந்தோம்.

அருவிக்குக் கீழே பாய் விரித்தோம். அக்கா எல்லோருக்கும் சோறு போட்டு, நண்டுக் கறியை ஊற்றினாள். பெரியம்மாவுக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கலாமா என்று அவள் கணவர் தயங்கிக்கொண்டே கேட்டார். வேண்டாம் என்றாள். நண்டுக்காலைக் கடித்து, உறிஞ்சி, விரல்களை நக்கி, அவள் அப்படி ரசித்துச் சாப்பிட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் அம்மா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். பாட்டி எங்கே என்று யாழினி கேட்டாள். பாட்டி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், கூப்பிட்டால் விளையாட்டு கெட்டுவிடும் என்று அக்கா சொன்னாள். பிள்ளை அதை ஒப்புக்கொண்டு தண்ணீரில் விளையாடப் போனது. சட்டி காலியானதும் அக்கா அதை ஆற்றில் கழுவி, கவிழ்த்து வைத்தாள்.

பாதையில் ஆள் நடமாட்டம் தெரியும்போதெல்லாம் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். யார் யாரோ வந்தார்கள். பெரியம்மா வரவில்லை. அவளால் வந்திருக்கமுடியும். ஐந்து நிமிட நடைதான். ஆனால் தானாக வந்தால் தோற்றதாகிவிடும். ஒளியும்போது போனை அடைத்து வைப்பது அவள் வழக்கம் என்பதால் அம்மா அடித்துப் பார்த்தும் பயனில்லை.

மதியத்துக்குமேல் மலை உச்சி கறுத்தது. மேலே மழை பிடித்துவிட்டால் ஆறு ஒரே மூச்சில் பெருகிவிடும் என்று காவலர் வந்து எல்லோரையும் தண்ணீரிலிருந்து ஏறச் சொன்னார். நாங்கள் கிளம்பிச் சற்று நடப்பதற்குள் மழை எங்களையும் பிடித்தது. மூங்கில் புதர் வந்ததும் அக்கா யாழினியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இராத்திரிக்கு என்ன சாப்பிடலாம், ரொட்டி சானாயா, மீயா என்று வழக்கத்தைவிடச் சத்தமாகப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டே அந்த இடத்தைக் கடந்து போனாள்.

என் அம்மாவால் முடியவில்லை. புதருக்குள் நுழைந்தாள். நானும் போனேன்.

பெரியம்மா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். உடை முழுவதும் உடம்போடு ஒட்டிக்கிடந்தது. உதடு நடுங்கியது. சப்பாத்துக்குமேலே கணுக்காலில் அட்டைகள் கடித்துத் தொங்கின, வெள்ளைச் சப்பாத்தில் இரத்தம் இறங்கியிருந்தது. அவள் அவற்றைப் பிடுங்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

“கோமதி தேடுனாளா?” என்று கேட்டாள்.

அம்மா தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்தாள். “ஆமாக்கா. ரொம்பத் தேடுனா. அருவி வரைக்கும் போயி, கத்திக் கத்திக் கூப்பிட்டா. ஒனக்குத்தான் கேக்கல போல.”

பெரியம்மாவின் முகம் மெல்லத் தெளிந்தது. எழுந்திருக்கக் கையை நீட்டினாள். அப்போது எங்களுக்குப் பின்னால் கோமதி அக்கா நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

“இல்லம்மா. தேடல,” என்றாள். “சாப்பிட்டோம். நண்டுக் கறி நல்லா இருந்துச்சி.”

குரலில் கோபமே இல்லை. குனிந்து, தன் தாயின் காலைத் தன் முட்டிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, அட்டைகளை ஒவ்வொன்றாக நகத்தால் கிளப்பித் தூர எறிந்தாள். மிகவும் கவனமாகச் செய்தாள். வலிக்கிறதா என்றுகூடக் கேட்டாள். பெரியம்மா மகளின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வலுக்கிறது, போகலாம் என்று அக்கா சொன்னதும் எழுந்து எங்கள் நடுவில் நடந்து வந்தாள். 

பெரியம்மா அதற்குப் பிறகு ஒருபோதும் ஒளியவில்லை. விருந்துகளில் கதை சொல்வதும் குறைந்துபோனது. மகள் இருக்கும் அறையைவிட்டு நகரமாட்டாள். குளியலறைக்குப் போவதென்றால்கூட எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவாள். தனியாக இருக்கும் நாட்களில் கோமதி அக்காவின் போனுக்குத் தன் குரலைப் பதிந்து அனுப்பத் தொடங்கினாள். பாசாருக்குப் போகிறேன். பாசாரிலிருந்து வந்துவிட்டேன். பின்னால் துணி காயப் போடுகிறேன், போன் அடித்தால் கேட்காது. அக்கா எந்த நாளும் அவளுக்குப் போன் அடித்ததில்லை.

மற்றபடி அக்கா எதிலும் குறை வைக்கவில்லை. மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள், மாத்திரை வாங்கிக் கொடுத்தாள், வாரம் தவறாமல் வீட்டுச் சாமான் கொண்டுவந்து வைத்தாள். இப்படி ஒரு மகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அனுப்பிய குரல் எதையும் அவள் கேட்பதில்லை என்று பெரியம்மாவுக்குத் தன் போனிலேயே தெரிந்தது. “கேக்கலன்னா பரவால்ல. நான் எங்க இருக்கேன்னு ஒரு எடத்துல இருக்கட்டும்,” என்று என் அம்மாவிடம் சொன்னாளாம்.

போன வருடம் ஒரு மதியம், வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் பெரியம்மா விழுந்து கிடந்ததைப் பக்கத்து வீட்டுச் சீன அம்மா பார்த்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. போன் கையில் இருந்தது.

கருமாதி அன்று சமையற்கட்டில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து என் அம்மா கோமதி அக்காவிடம் போனாள். அக்காவின் போனில் பெரியம்மாவின் பெயருக்குக் கீழே அவள் அனுப்பிய குரல்கள் எல்லாம் அப்படியே இருந்தன, ஒன்றுகூடத் திறக்கப்படாமல். கடைசியாக வந்தது அந்த மதியத்தில் வந்தது. மற்றவற்றைவிட நீளமாக இருந்தது.

“எல்லாத்தையும் வேணாம் கோமதி. இந்த ஒன்ன மட்டுமாச்சும் கேளும்மா,” என்றாள் அம்மா. 

கோமதி அக்கா அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எதுக்கு சின்னம்மா? எங்க இருக்கேன்னுதான சொல்லியிருப்பாங்க. இப்ப எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்.”

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பந்திக்கு இலை போடப் போனாள்.